கன்ட்ரோலர் ஆன்ல இருக்கு, லிமிட்டு எங்க இருக்கு?

ரிஃபைனரியோ பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டோ, அட்வான்ஸ்டு ப்ராசஸ் கன்ட்ரோல், சுருக்கமா ஏபிசி, அதாவது பிளான்ட்டை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஓட்டுற கன்ட்ரோலர், அதைப் போட்ட எந்த இடத்துலயும் மாசக் கடைசி ரிப்போர்ட்ல ஒரு நம்பர் கண்டிப்பா இருக்கும், கன்ட்ரோலர் எத்தனை சதவீத நேரம் ஆன்ல ஓடுச்சுன்னு. 95க்கு மேல இருந்தா மேனேஜ்மென்ட்டுக்கு நிம்மதி. ஆனா இந்த வேலையில கொஞ்ச காலம் இருந்தவங்க அந்த நம்பரை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டாங்க, ஏன்னா கன்ட்ரோலரை ஆஃப் பண்ணாமலே அதை ஒண்ணும் செய்யவிடாம கட்டிப்போட முடியும், அது நகர்த்துற ஒவ்வொண்ணுக்கும் நாம கொடுக்குற மேல் லிமிட்டையும் கீழ் லிமிட்டையும் ஒட்டி ஒட்டி வச்சா போதும், ஸ்க்ரீன்ல பச்சையா ஆன்னு காட்டிக்கிட்டே இருக்கும், உள்ள அதுக்கு நகர இடமே இருக்காது. ஏபிசி இன்ஜினியர்னா மேட்ரிக்ஸ், ஆப்டிமைசேஷன், மாடல்னு பெரிய கணக்கு வேலைன்னு வெளிய ஒரு நினைப்பு இருக்கு. கணக்கு இருக்குதான். ஆனா பிளான்ட்டுக்கு காசு வர்றதும் வராம போறதும் அந்த லிமிட்டு விஷயத்துலதான்னு நான் நினைக்கிறேன், அதை விளக்கணும்னா கொஞ்சம் அடியில இருந்து வரணும்.

ஒரே ஒரு காலம் (column), அதாவது கலவையைச் சூடாக்கி லேசானதை மேலயும் கனமானதைக் கீழயும் பிரிக்குற உயரமான கோபுரம், எடுத்துக்குவோம், டிபியூட்டனைசர். நாப்தாவுல கரைஞ்சிருக்குற எல்பிஜியை பிரிச்சு மேல எடுக்குற காலம், ஏறக்குறைய எல்லா ரிஃபைனரியிலயும் இருக்கும். மேல எல்பிஜி, கீழ நாப்தா. எல்பிஜில பென்டேன், அதாவது சி5, அதிகமா போனா சிலிண்டர்ல கடைசியில எரியாம தங்கிடும், அதனாலதான் நம்ம ஊர் எல்பிஜிக்கு 95 சதவீதம் ஆவியாகுற வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாதுன்னு ஸ்பெக் இருக்கு, லேப்ல இதை வெதரிங் டெஸ்ட்னு சொல்வாங்க. அதே மாதிரி கீழ நாப்தாவுல பியூட்டேன், அதாவது சி4, அதிகமா தங்கிடுச்சுன்னா அதோட ஆவி அழுத்தம் ஏறி டேங்க்ல பிரச்சனை. ஆபரேட்டர் கையில இருக்கறது ரிஃப்ளக்ஸ் ஃப்ளோ (மேல வந்த ஆவியைக் குளிர வச்சு திரும்ப காலத்துக்குள்ள விடுற லிக்விட்), ரீபாய்லர் ஸ்டீம் (அடியில சூடாக்குறது), காலம் பிரஷர், அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு பிஐடி லூப், அதாவது ரீடிங்கைப் பார்த்து வால்வைத் தானா திருத்துற சின்ன கன்ட்ரோலர் ஓடும், அது தன் செட்பாயிண்ட்டை, அதாவது நாம கொடுத்த இலக்கு அளவை மட்டும் பார்த்துக்கும், பக்கத்து லூப் என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது. ரிஃப்ளக்ஸை தொட்டா கீழ காம்போசிஷன் மாறும், ஸ்டீமை தொட்டா மேல மாறும், பிரஷர் ஆடினா ரெண்டுமே மாறும், இதுல காலத்துக்குள்ள வர்ற ஃபீடு வேற கூடிக் குறைஞ்சுக்கிட்டே வரும்.

ஏபிசி இந்த பிஐடிக்கு மேல உட்கார்ற ஒரு லேயர். வால்வை நேரா தொடாது, பிஐடிக்கு செட்பாயிண்ட் மட்டும் கொடுக்கும். எதை எவ்வளவு மாத்தினா எது எவ்வளவு நேரத்துல எவ்வளவு மாறும்னு ஒரு மாடல் அதுக்குள்ள இருக்கும், அதை வச்சு அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு என்ன ஆகும்னு கணிச்சு, எல்லா லிமிட்டுக்குள்ளயும் இருக்குற மாதிரி வரப்போற நகர்வுகளை மொத்தமா கணக்குப் போட்டு, அதுல முதல் நகர்வை மட்டும் அனுப்பும். அடுத்த நிமிஷம் புது ரீடிங் வந்ததும் மொத்த கணக்கையும் திரும்பப் போடும். ஒவ்வொரு நிமிஷமும் இப்படியே. கூடவே இன்னொரு கணக்கும் உண்டு, விலையை வச்சு, பிளான்ட்டை கடைசியில எந்த இடத்துல கொண்டு போய் நிறுத்தினா லாபம்னு பார்க்குற லீனியர் ப்ரோக்ராம், நாங்க எல்பின்னு சொல்வோம். எல்பி எப்பவும் ஏதோ ஒரு லிமிட்ல போய்தான் நிக்கும், நடுவுல நிக்காது, இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

நிறைய பேர் பயப்படுற ஒரு கேள்விக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். இது தப்பு பண்ணினா பிளான்ட் வெடிச்சிடுமான்னா, சேஃப்டி ட்ரிப் சிஸ்டம் முழுக்க தனி, ஏபிசிக்கு அதுல கை வைக்க வழியே கிடையாது. ஏபிசி சர்வர் செத்துப் போனா வாட்ச்டாக் டைமர் அதைக் கண்டுபிடிச்சு எல்லாத்தையும் பிஐடி கிட்ட ஒப்படைச்சிடும், கடைசியா இருந்த செட்பாயிண்ட்லயே பிளான்ட் ஓடும்.

காசு எப்படி வருதுன்னா, எல்பிஜில சி5 அதிகபட்சம் 2 சதவீதம் விடலாம்னு ஒரு பிளான்ட் உள்ளுக்குள்ள வச்சிருக்குன்னு வைங்க. கையால ஓட்டும்போது அது மேலயும் கீழயும் ஆடும், அதனால ஆபரேட்டர் 0.8ல வச்சு ஓட்டுவார், ஆடினாலும் ஸ்பெக்கைத் தாண்டாம இருக்கணுமே. கன்ட்ரோலர் அந்த ஆட்டத்தை பாதிக்கும் மேல குறைச்சிட்டா சராசரியை 1.5க்கு தள்ளலாம். மணிக்கு 40 டன் எல்பிஜி வர்ற காலம்னா இந்த 0.7 சதவீதம் மணிக்கு 0.28 டன், ஒரு நாளைக்கு 6.7 டன் நாப்தா பக்கத்துல இருந்து எல்பிஜி பக்கம் வந்துடும், ஸ்டீமும் மிச்சம். எல்பிஜியை விட நாப்தாவுக்கு விலை நல்லா இருக்குற மாசம்னா எதிர்ப் பக்கம் தள்ளுவோம். ஒரு காலம்ல இது சின்ன விஷயமாத் தெரியும், க்ரூட் யூனிட், எஃப்சிசி, ஹைட்ரோக்ராக்கர்னு ரிஃபைனரியில மத்த யூனிட்டுகளுக்கும் வரிசையா போட்டா வருஷத்துக்கு கோடிக்கணக்குல போகும். ஆட்டத்தைக் குறைச்சதுல மட்டும் பைசா வராது, குறைச்சப்புறம் லிமிட் பக்கம் தள்ளினாத்தான் வரும், முதல் பாதியை மட்டும் செஞ்சுட்டு அழகான ட்ரெண்டை பிரிண்ட் எடுத்து ஒட்டுற இடங்கள் நிறைய.

ஏபிசி யுனிவர்சிட்டியில பிறந்து பிளான்ட்டுக்கு வந்த விஷயம் இல்ல, தலைகீழா நடந்தது. 1970கள்ல அமெரிக்காவுல ஷெல் ஆயில்ல இருந்த சார்லஸ் கட்லரும் ரமாக்கரும் டைனமிக் மேட்ரிக்ஸ் கன்ட்ரோல், சுருக்கமா டிஎம்சி, அதை பிளான்ட்டுக்குள்ளயே உருவாக்கி ஓட்டிப் பார்த்துட்டு 1979ல தான் வெளிய பேப்பரா சொன்னாங்க. அதே காலத்துல பிரான்ஸ்ல ஜாக் ரிஷாலே குழு கிட்டத்தட்ட இதே யோசனையை தனியா செஞ்சு 1978ல பப்ளிஷ் பண்ணாங்க. எண்ணெய் விலை எகிறின காலம், கம்ப்யூட்டரும் பிளான்ட்டுக்குள்ள வந்துக்கிட்டு இருந்த காலம், ஹனிவெல்லோட டிடிசி 2000, யோகோகாவாவோட சென்டம் ரெண்டுமே 1975ல தான் வந்துச்சு. கட்லர் 1984ல தனிக் கம்பெனி ஆரம்பிச்சார், 1996ல ஆஸ்பென்டெக் அதையும் செட்பாயிண்ட்ங்கிற போட்டிக் கம்பெனியையும் சேர்த்து வாங்குச்சு. இந்த முறை ஏன் நிலையா நிக்குதுங்கிறதுக்கான தியரியை ப்ரொஃபசர்கள் முழுசா எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே ரிஃபைனரிகள்ல ஓட ஆரம்பிச்சிருச்சு. சின், பேட்ஜ்வெல் ரெண்டு பேரும் 2003ல போட்ட சர்வேயில 4500க்கு மேல இன்ஸ்டலேஷன் கணக்கு வருது. கணக்குத் தெரிஞ்ச பிளான்ட் ஆளுங்க செஞ்ச பொருள் இது, அந்த வாசனை இன்னைக்கும் போகல.

இனி வேலைக்கு வருவோம். முதல்ல மாடல் எங்கிருந்து வரும்? புத்தகத்துல இருந்து வராது, பிளான்ட்டை அசைச்சுத்தான் எடுக்கணும். ஸ்டெப் டெஸ்ட். ரிஃப்ளக்ஸை ரெண்டு டன் ஏத்து, காத்திரு, எது எப்படி நகருதுன்னு பாரு, இறக்கு, காத்திரு. ஒரு காலம் முழுசா செட்டில் ஆக ஒண்ணரை ரெண்டு மணி நேரம் பிடிக்கும், ஒவ்வொரு ஹேண்டிலையும், அதாவது ரிஃப்ளக்ஸ், ஸ்டீம் மாதிரி நாம நகர்த்தக்கூடிய ஒவ்வொண்ணையும், எட்டு பத்து தடவையாவது அசைக்கணும், அப்பதான் நாய்ஸ்ல இருந்து உண்மை பிரியும். பழைய முறையில இதுக்கு ராத்திரி பகலா பேனல் பக்கத்துலயே உட்காரணும், வாரக்கணக்குல இழுக்கும். இப்ப ஆட்டோமேட்டிக்கா சின்னச் சின்னதா அசைச்சு மாடல் எடுக்குற டூல் வந்திருச்சு, அதனால ராத்திரி முழிப்பு குறைஞ்சிருக்கு. ஆனா என் அபிப்ராயத்துல அந்த ராத்திரிகள்லதான் ஒரு இன்ஜினியருக்கு பிளான்ட் புரியும். பேனல் ஆபரேட்டர் ஏன் குறிப்பிட்ட வால்வை 85 சதவீதத்துக்கு மேல விடமாட்டேங்கிறார், ஏன் காலையில ஆறு மணிக்கு ஃபீடு ஆடுது, எந்த லெவல் டிரான்ஸ்மிட்டர் பொய் சொல்லும், இதெல்லாம் எந்த டேட்டாபேஸ்லயும் கிடையாது, ராத்திரி மூணு மணிக்கு டீ குடிக்கும்போது பேச்சுவாக்குல வரும்.

டெஸ்ட்டுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு, கீழ இருக்குற பிஐடி லூப்பெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கறது. வால்வு ஒட்டுச்சுன்னா, அதாவது கொஞ்சம் கொஞ்சமா கமாண்ட் கொடுத்தா அசையாம நின்னு திடீர்னு குதிச்சா, அதுக்கு மேல என்ன மாடல் கட்டினாலும் வீண். இதுல நேரம் செலவு பண்ண யாருக்கும் ஆசை இருக்காது, ப்ராஜெக்ட் ஷெட்யூல்ல ரெண்டு வாரம்னு போட்டிருப்பாங்க, உண்மையில இங்கதான் நிறைய ஆதாயம் வரும்.

அப்புறம் மேட்ரிக்ஸ், எந்த ஹேண்டில் எதை எவ்வளவு மாத்தும்னு போடுற அட்டவணை. இதை கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் இது. ரிஃப்ளக்ஸ் ஏத்தினா மேல சி5 குறையும், கீழ சி4 கூடும். ஸ்டீம் ஏத்தினா மேல சி5 கூடும், கீழ சி4 குறையும். பார்த்தீங்கன்னா ரெண்டு ஹேண்டிலும் ஏறக்குறைய ஒரே வேலையை எதிர்த் திசையில செய்யுது. மேலயும் கீழயும் ஒரே நேரத்துல சுத்தமாகணும்னா ரெண்டையும் சேர்த்து ஏத்தணும், அப்ப ஒண்ணோட விளைவை இன்னொண்ணு அழிச்சு மிச்சம் இருக்குற சின்ன வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும். பெரிய ரெண்டு நம்பரைக் கழிச்சா வர்ற சின்ன நம்பர் அது. ஒவ்வொரு கெயினையும், அதாவது ஹேண்டிலை ஒரு அளவு நகர்த்தினா எவ்வளவு மாறும்ங்கிற நம்பரை, அஞ்சு சதவீதம் தப்பா எடுத்திருந்தாலும் அந்த மிச்சத்தோட குறி மாறிடலாம், ப்ளஸ் மைனஸ் ஆகிடும். அப்ப என்ன ஆகும்னா, ரெண்டையும் சேர்த்து ஏத்தினா அழுக்கு கூடும்னு கன்ட்ரோலர் நம்பும், சுத்தம் வேணும்னு ரெண்டையும் இறக்கிக்கிட்டே போகும், அழுக்கு கூடும், இன்னும் இறக்கும். தனித்தனியா பார்த்தா ஒவ்வொரு மாடல் கர்வும் அழகா டேட்டாவோட பொருந்தி இருக்கும், அதான் இதுல ஆபத்து. இதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு டெஸ்ட்லயே ரெண்டு ஹேண்டிலையும் சேர்த்து அசைச்சு அந்த சின்ன வித்தியாசத்தை நேரடியா அளக்கறது, இல்ல அந்த வித்தியாசம் நம்புற அளவுக்கு இல்லன்னு ஒத்துக்கிட்டு கெயின் ரேஷியோவை சரிசமமா ஆக்கி ஏதாவது ஒரு பக்க ஸ்பெக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்கறது. எது சரின்னு சாஃப்ட்வேர் சொல்லாது, காலத்தைத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்.

சாஃப்ட் சென்சர் பத்தி சுருக்கமா. எல்லா இடத்துலயும் அனலைசர் இருக்காது, அதனால ட்ரே (காலத்துக்குள்ள அடுக்கடுக்கா இருக்குற தட்டு) டெம்பரேச்சர், பிரஷர், ரிஃப்ளக்ஸ் வச்சு சி5 எவ்வளவுன்னு கணக்குல ஊகிப்போம், லேப் ரிசல்ட் வந்ததும் அதை வச்சு ஊகத்தை திருத்துவோம். இங்க ஒரு பாட்டில் விஷயம் இருக்கு. சாம்பிள் எடுக்க வேண்டியது ஆறு மணிக்கு, ஃபீல்டு ஆபரேட்டர் ஷிப்ட் மாறுற அவசரத்துல அஞ்சு இருபதுக்கே பாட்டில்ல பிடிச்சு வச்சிடுவார், லேபிள்ல ஆறுன்னுதான் எழுதுவார், லேப் சிஸ்டம்லயும் ஆறுன்னே ஏறும். அந்த நாப்பது நிமிஷத்துக்குள்ள காலம் நகர்ந்திருந்தா நாம ஆறு மணி ஊகத்தை அஞ்சு இருபது உண்மையோட ஒப்பிட்டு திருத்துறோம், அதாவது சரியா இருந்ததைக் கெடுக்கறோம். அதனால சாம்பிள் பாயிண்ட் பக்கத்துலயே ஒரு பட்டன் வச்சு, பாட்டில் பிடிக்கும்போது அமுக்கினா டைம் தானா பதிவாகுற மாதிரி சில பிளான்ட்ல செஞ்சிருக்காங்க. ரொம்ப சின்ன செலவு, பலன் பெருசு.

சென்னை மாதிரி ஊர்ல வெயிலும் மழையும் வேற. காலம் மேல வர்ற ஆவியை குளிர வைக்கறது ஃபின் ஃபேன் கூலர், வெறும் காத்துதான். மே மாசம் மதியம் காத்தே சூடா இருக்கும்போது கன்டென்சிங் பத்தாம பிரஷர் ஏறும், அப்ப கூலர்தான் லிமிட், கன்ட்ரோலர் அதுக்கு மதிப்புக் கொடுத்து ஸ்டீமை அடக்கி ஓட்டணும். சாயங்காலம் திடீர்னு மழை கொட்டினா டியூப்பெல்லாம் நனைஞ்சு சட்டுனு குளிர்ந்து பிரஷர் சரசரன்னு விழும், பிரஷர் விழுந்தா ட்ரேயில இருக்குற லிக்விட் கொதிச்சு மேல கிளம்பும், காலம் ஃப்ளட் ஆகிடும், அதாவது லிக்விட் கீழ இறங்காம உள்ள நிரம்பிடும். மணலியில வேலை பார்த்த பேனல் ஆபரேட்டர் யாரைக் கேட்டாலும் மேகம் கறுக்கும்போதே என்ன பண்ணணும்னு சொல்வாங்க. நல்ல ஏபிசில வெளி வெப்பநிலையை ஒரு டிஸ்டர்பன்ஸா உள்ள கொடுத்திருப்போம், ஆனா மழை அதை விட வேகம், அதுக்கு பிரஷர் லூப் நல்லா ட்யூன் ஆகி இருக்கணும். கடைசியில திரும்ப அடித்தளத்துக்கே வந்து நிக்கும்.

இப்ப லிமிட்டு. பேர் வேணாம், ஒரு பிளான்ட்ல டிபியூட்டனைசர் கன்ட்ரோலர் எப்பவும் ஆன், ஆனா ரிப்போர்ட்ல சொன்ன லாபம் எதுவும் வரல. எல்பி ஸ்க்ரீனைத் திறந்து எந்த லிமிட் இடிக்குதுன்னு பார்த்தா காலம் டிபி, அதாவது மேலுக்கும் கீழுக்கும் உள்ள பிரஷர் வித்தியாசம். டிசைன் பிரகாரம் 0.32 வரைக்கும் போகலாம், லிமிட் 0.25ல இருந்துச்சு. அதை யார் வச்சது, எப்ப வச்சது, எந்தக் குறிப்பும் இல்ல. ஹெட் ஆபீஸ்ல இருந்து, ஆபரேட்டர்ஸ்க்கு ட்ரெயினிங் பத்தலைன்னு மெயில் வந்துச்சு. ஷிப்ட்ல இருந்த மூத்த ஆபரேட்டர் கிட்ட உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணே, இந்த டிபி லிமிட் ஏன் இவ்வளவு கீழ?"

"தம்பி, நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நைட்டு டிபி ஒண்ணுமே காட்டல, 0.26தான் இருந்துச்சு, உங்க கன்ட்ரோலர் ஸ்டீமை ஏத்திக்கிட்டே போச்சு, திடீர்னு ரிஃப்ளக்ஸ் டிரம் லெவல் எகிறுது, நாப்தா நேரா மேல வந்து எல்பிஜி ஸ்பியர் டேங்க்ல கலந்துருச்சு. வாரம் பூரா எங்களைத்தான் கூப்பிட்டு கேட்டாங்க. கன்ட்ரோலரை எழுதின ஆளு அப்ப ஊர்லயே இல்ல."

அவர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட தப்பில்ல. 0.26ல ஃப்ளட் ஆன காலம்னா அவருக்கு 0.25தான் லிமிட், வேற என்னவா இருக்க முடியும்? கேள்வி என்னன்னா, 0.32 வரை தாங்கும்னு டிசைன் ஆன காலம் ஏன் 0.26ல ஃப்ளட் ஆகணும். இன்ஸ்ட்ருமென்ட் டீமோட மேல ஏறிப் பார்த்தப்ப தெரிஞ்சுது, டிபி டிரான்ஸ்மிட்டரை கீழ பொருத்தி இருக்காங்க, மேல் பக்கத்து இம்பல்ஸ் லைன்ல, அதாவது காலத்து அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டு வர்ற சின்ன பைப்ல, வர்ற ஆவி குளிர்ந்து லிக்விடா நிரம்பி அந்தப் பக்க அழுத்தத்தைக் கூட்டி விடுது, அதனால வித்தியாசம் உண்மையை விடக் குறைவா காட்டுது. அன்னைக்கு நைட்டு உண்மையான டிபி எவ்வளவோ மேல இருந்திருக்கு. டிரான்ஸ்மிட்டரை காலம் உச்சியில, டாப் நாசிலுக்கு மேல மாத்தினாங்க, லிக்விட் தானா காலத்துக்குள்ளயே வடியுற மாதிரி. அதுக்கப்புறம் லிமிட்டை 0.01, 0.01ஆ, அதே ஆபரேட்டர் ஷிப்ட்ல, அவர் சரின்னு சொல்ற நேரத்துல மட்டும் ஏத்தினோம். 0.30 வரைக்கும் போச்சு. மாடல்ல ஒரு கோட்டைக்கூட மாத்தல.

இந்த மாதிரி இறுக்கி வச்ச லிமிட் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஏதோ ஒரு ராத்திரி இருக்கும். சிலது கெட்டுப்போன டிரான்ஸ்மிட்டர், சிலது எப்பவோ நடந்து பிறகு சரி பண்ணிட்ட விஷயம், சிலது போன ஷட்டவுன்ல ட்ரே மாத்தினதுக்கு அப்புறம் யாரும் திருத்தாத பழைய நம்பர், சிலது உண்மையிலேயே சரியான லிமிட், அதைத் தொடவே கூடாது. எது எதுன்னு பிரிக்கறதுதான் வேலை. ஆபரேட்டருக்கு ட்ரெயினிங் கொடுத்தா சரியாயிடும்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல, அவருக்கு நடந்தது அவருக்கு நல்லாவே தெரியும், அதைக் கேட்க ஆள் போகலைங்கிறதுதான் குறை. ஒரு தப்பு நடந்தா பதில் சொல்ல வேண்டியது பேனல்ல உட்கார்ந்திருக்குறவர், லாபம் வந்தா ரிப்போர்ட் எழுதுறது வேற ஒருத்தர், இந்த ஏற்பாட்டுல லிமிட்டை இறுக்கறதுதான் நியாயமான முடிவு.

அதனால ஆன் நேரத்தை விட்டுட்டு வேற நம்பர் பார்க்கணும். எத்தனை ஹேண்டில் உண்மையிலேயே நகர இடத்தோட இருக்கு, மேல் கீழ் லிமிட்டுக்கு நடுவுல இருக்குற அகலம் மாசா மாசம் எப்படி மாறுது, எல்பி எந்த லிமிட்டை எத்தனை மணி நேரம் இடிச்சுக்கிட்டு நின்னுச்சு, அந்த லிமிட்டை ஒரு யூனிட் தளர்த்தினா எவ்வளவு ரூபாய். கடைசி நம்பரை எல்பி தானாவே கணக்குப் போட்டு வச்சிருக்கும், பெரும்பாலான சைட்ல அந்த ஸ்க்ரீனை யாரும் திறக்கறதே இல்ல.

ஏஐ வந்துட்டா இந்த வேலை இருக்காதான்னு ஏசி டெக்லயும் குரோம்பேட்டை எம்ஐடியிலயும் படிக்கற பசங்க கேட்கறாங்க. நியாயமான கேள்வி. 2022ல ஜப்பான்ல யோகோகாவாவும் ஜேஎஸ்ஆர் கம்பெனியும் ஒரு கெமிக்கல் பிளான்ட்ல டிஸ்டிலேஷன் காலத்தை ரீயின்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங், அதாவது செஞ்சு பார்த்து தானா கத்துக்குற ஏஐ வச்சு 35 நாள் தொடர்ச்சியா ஓட்டிக் காட்டினாங்க, அது நிஜமான சாதனை, அதுக்கு முன்னாடி கையாலதான் வால்வை ஓட்டிக்கிட்டு இருந்த இடம் அது. மாடல் எடுக்கறது, ட்யூனிங், இதெல்லாம் இன்னும் சுலபமாகும், ஆகட்டும். இம்பல்ஸ் லைன்ல லிக்விட் நிரம்பினதை டேட்டாவுல இருந்து கண்டுபிடிக்குற சாஃப்ட்வேர் வந்தாலும் சந்தோஷம்தான். ஆனா அந்த ஆபரேட்டர் கிட்ட போய் உட்கார்ந்து, ஏன்னு கேட்டு, அவர் சொன்னதை நம்பி காலம் உச்சிக்கு ஏறிப் பார்க்கற ஆள் அப்பவும் வேணும்.

இந்த வேலைக்கு வர்றவங்க பாதிப் பேர் கெமிக்கல், பாதிப் பேர் இன்ஸ்ட்ருமென்டேஷன், ரெண்டும் சரிதான், இல்லாத பாதியை வேலையில கத்துக்கலாம். ஜாம்நகர், ஜுபைல், ருவைஸ், சிங்கப்பூர் ஜுராங் தீவுன்னு எங்க போனாலும் கன்ட்ரோல் ரூம்ல தமிழ் பேசுற ஆள் ஒருத்தராவது இருப்பார். புது சைட்டுக்குப் போனா முதல் வாரம் மாடல் ஃபைலைத் திறக்க வேண்டாம். எல்லா லிமிட்டையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல யார் வச்சது, எப்ப, எதுக்காகன்னு மூணு கட்டம் போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஷிப்ட்டா போய் நிரப்புங்க. நாலு ஷிப்ட்லயும் வேற வேற காரணம் சொன்னாங்கன்னா அந்த லிமிட்ல இருந்து ஆரம்பிங்க.